ஐந்துக்கு மூன்று

டூங்கபி ரயில் நிலையத்துக்குப் பின்னால், நகரசபைக்குச் சொந்தமான ஒரு தகரக்கூரை மண்டபத்தில், அமெரிக்க ஜனநாயகம் முப்பது வருடங்களுக்கு மேலாக நடந்துவந்தது.

அதை அங்கே கொண்டுவந்தவர் விக்னராஜா. ஓய்வுபெற்ற நீர்க்குழாய்ப் பொறியியலாளர். இளவயதில் ஒரு பயிற்சிக்காகப் பிலடெல்பியாவில் சில மாதங்கள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல், அந்த நாட்டின் அரசியலமைப்பை எழுதிய மண்டபத்தைப் போய்ப் பார்த்தார். அடுத்த ஞாயிறும் போனார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார். நுழைவு இலவசம். சிட்னிக்கு வந்ததும் பத்துப் பேரைச் சேர்த்து 'ஐக்கிய தமிழ்க் குடும்பங்கள்' என்ற சங்கத்தை ஆரம்பித்து அதற்கு ஓர் அரசியலமைப்பை எழுதினார். "மக்களாகிய நாங்கள்" என்று அது தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு ஏன் அமெரிக்காவைப் பார்த்து எழுதவேண்டும் என்று ஒருவர் கேட்டார்.

"இந்த நாட்டு அரசியலமைப்பை வாசிச்சனீரே? தண்ணி பில் மாதிரி இருக்கும்," என்றார் விக்னராஜா.

கேட்டவர் வாசித்திருக்கவில்லை. ஆகவே அது ஏகமனதாக நிறைவேறியது.

சங்கத்துக்கு இரண்டு சபைகள். கீழ்ச்சபையில் எல்லா அங்கத்தவர்களும் இருந்தார்கள். மேற்சபையில் ஊருக்கு இரண்டு பேர். அமெரிக்காவில் மாநிலம் பெரிதானாலும் சிறிதானாலும் இரண்டு பேர் என்பதுபோல, இங்கும் ஊரில் எத்தனை பேர் என்பது பொருட்டில்லை. குருவிக்காடு என்ற ஊரிலிருந்து சிட்னிக்கு வந்து சேர்ந்தது ஒரேயொரு குடும்பம். ஆகவே தேவராஜாவும் அவர் மனைவி யோகாவும் அந்த ஊரின் மேற்சபை உறுப்பினர்களாக இருந்தார்கள். கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது ஏதோ நடந்து, அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே காரில் வருவார்கள், எதிரெதிராக வாக்களிப்பார்கள், ஒரே காரில் திரும்புவார்கள். குருவிக்காட்டின் அதிகாரச் சமநிலை என்று விக்னராஜா இதை ஆண்டறிக்கையில் பாராட்டியிருந்தார்.

இரண்டு சபைகளுக்கும் மேலே மூவர் கொண்ட நீதிக்குழு இருந்தது. பதவி ஆயுட்காலத்துக்கு. மூவரில் ஒருவர் மகளோடு ரொறன்ரோவுக்குக் குடிபோய்விட்டார். ஆயுட்காலம் என்றால் ஆயுட்காலம்தான் என்பதால் கைப்பேசிக் காணொளியில் தொடர்ந்து நீதி வழங்கினார். படம் உறைந்துபோகும் வேளைகளில் அவருடைய வாய் திறந்திருந்தால் சம்மதம், மூடியிருந்தால் மறுப்பு என்று ஒரு முன்தீர்ப்பு இருந்தது.

கூட்டங்களைத் தொடங்கிவைக்க ஒரு மணியும் உண்டு. பிலடெல்பியாவில் பார்த்த புகழ்பெற்ற மணியில் ஒரு வெடிப்பு இருந்ததால், விக்னராஜா கும்பகோணத்தில் செய்வித்த நல்ல கோயில்மணியொன்றை பிளாக்டவுன் பட்டறையில் கொடுத்து வெடிப்பு வைப்பித்தார். அதன்பிறகு அது ஒலிக்கவில்லை. அடித்தால் குசினியில் சட்டி விழுந்ததுபோல் கேட்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

எமிலியானுஸுக்கு இவை எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அந்த மண்டபத்தின் பின்னறை மட்டும். வியாழக்கிழமை பின்னேரங்களில் ஸ்ருதி அங்கே வருவாள். கோயம்புத்தூர்க்காரி. பரமட்டாவில் சட்டத்தரணி. மற்ற நாட்களில் கம்பெனிகளுக்காக வாதாடுபவள், வியாழனில் மட்டும் காசு வாங்காமல் படகில் வந்தவர்களின் விசா வழக்குகளைப் பார்த்தாள். எமிலியானுஸ் மனைவி நிரஞ்சலாவோடும் கைக்குழந்தை மெலனியோடும் 2012இல் பேசாலையிலிருந்து படகில் வந்தவர். மெலனிக்கு இப்போது பதினான்கு வயது. பிறகு பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் ஆரம்பப் பள்ளியில். அவருக்குக் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஐந்து பேருக்கும் இன்னும் தற்காலிக விசாதான். முடிகிற நேரம் பார்த்து நீட்டித்துத் தருவார்கள்.

ஒரு வியாழக்கிழமை அவர் போனபோது பின்னறை பூட்டியிருந்தது. 'ஸ்தாபகத் தந்தையர் காட்சியறை - வேலை நடைபெறுகிறது' என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தார். பதினொரு பெரிய படங்கள் சுவரில் சாய்த்துக் கிடந்தன. சென்னையில் வரைவித்தவை. எந்தப் பாணியில் வேண்டும் என்று காட்டுவதற்காக அமெரிக்க ஸ்தாபகர்களின் படமொன்றையும் அனுப்பியிருந்தார்கள். ஓவியர் அதை அப்படியே பின்பற்றியிருந்தார். பதினொரு யாழ்ப்பாணத்து முகங்களுக்கும் வெள்ளைச் சுருள்முடி.

உள்ளே அளவுநாடாவோடு நின்ற விக்னராஜா வெளியே வந்தார்.

"தம்பி, நீர் எந்த மாநிலம்?"

"நியூ சவுத் வேல்ஸ்தான் ஐயா. இஞ்சை டூங்கபியில இருக்கிறன்."

"அதைக் கேக்கேல்லை. ஊர்?"

"பேசாலை. மன்னார்."

விக்னராஜா அனுதாபத்தோடு தலையாட்டினார். "பேசாலை இன்னும் ஒன்றியத்தில சேரேல்லை. புது ஊர் ஒண்டு சேர்றதெண்டால் மேற்சபை ஒத்துக்கொள்ள வேணும். ஒத்துக்கொண்டால் மேற்சபையில இன்னும் ரெண்டு பேர் கூடிவிடுவினம். அதால மேற்சபை ஒத்துக்கொள்ளுறேல்லை. அருமையான ஏற்பாடு, விளங்குதே?"

"அப்ப நாங்கள் ஆர் ஐயா?"

"நீங்கள் பிரதேசம். அமெரிக்காவிலயும் அப்பிடி இடங்கள் இருக்கு. அந்தச் சனத்தை நல்லா வைச்சிருக்கினம். வாக்கு மட்டும் இல்லை."

"வாக்கு வேண்டாம் ஐயா. எனக்கு இந்த அறைதான் வேணும். கோட்டில வழக்கு வரப்போகுது. லோயரோட இருந்து கதைக்க ஒரு இடம் வேணும்."

"தாராளமா. கீழ்ச்சபையில ஒரு பிரேரணை கொண்டுவாரும்."

"ஆர் கொண்டுவாறது?"

"அங்கத்தவர் ஒருத்தர்."

"நான் கொண்டுவரலாமோ?"

"நீர் பிரதேசமெல்லோ," என்றார் விக்னராஜா, மறந்துபோனவருக்கு ஞாபகப்படுத்துகிற பரிவோடு.

அடுத்த வாரங்களில் ஸ்ருதி பென்டில் ஹில்லில் ஒரு தோசைக்கடையின் மூலை மேசையில் இருந்தாள். சித்திரவதை, கொழும்பு, ஆட்களைக் கடத்திப்போகும் வெள்ளை வான் என்று எமிலியானுஸ் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசைக்கு மசாலாத் தோசை வரும். அவர் நிறுத்திவிட்டு, பரிமாறுபவர் போகும்வரை காத்திருப்பார்.

"இப்படியே பண்ணினா ஹியரிங்குக்குள்ள முடிக்க மாட்டோம் அண்ணா," என்றாள் ஸ்ருதி. "கதவு சாத்துற மாதிரி ஒரு ரூம் வேணும்."

அதே காலத்தில் சங்கத்துக்கும் ஒரு கவலை வந்தது. நகரசபை புதிதாக ஒரு சமூக நிலையம் கட்டிக்கொண்டிருந்தது. பகுதியில் குடியிருக்கும் முன்னூறு அங்கத்தவர்களாவது உள்ள சங்கத்துக்கு அதில் நிரந்தர மண்டபம் என்று அறிவித்தார்கள். ஐக்கிய தமிழ்க் குடும்பங்களில் அவ்வளவு பேர் இல்லை. ஸ்தாபகர்களின் பிள்ளைகளில் சிலர் மெல்பேர்னில் பொயிண்ட் குக் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். போகாதவர்களும் சங்கம் என்றதும் கைப்பேசியைக் குனிந்து பார்த்தார்கள். ஸ்தாபகர்கள் ஒவ்வொருவராகக் காலமாகிக்கொண்டிருந்தார்கள். பகுதியில் புதிதாகப் பெருகிய தமிழர்கள் படகில் வந்தவர்கள். அவர்கள் அங்கத்தவர் அல்லர்.

ஆகவே அரசியலமைப்பு மாநாடு கூடியது. பிரதேசத்தின் சார்பில் பார்வையாளராக எமிலியானுஸை அழைத்தார்கள். விக்னராஜாவுக்குத் தெரிந்த பிரதேசத்து முகம் அதுதான். பார்வையாளர் பேசக்கூடாது, தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லி ஓரமாக ஒரு கதிரை கொடுத்தார்கள். புதிய நிலையம் கிடைத்தால் அதில் சட்டத்தரணிக்கும் ஓர் அறை தருவதாக விக்னராஜா வாசலிலேயே வாக்களித்திருந்தார். அந்த அறைக்காக எமிலியானுஸ் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்தது. சட்டி விழுந்தது. எல்லோரும் எழுந்து, பிறகு உட்கார்ந்தார்கள்.

"எங்கட சனத்தொகை மாறிக்கொண்டு வருது," என்று விக்னராஜா தொடங்கினார். "இது எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. அமெரிக்காவிலயும் சனம் மாறுது. முகம் மாறுது, பாசை மாறுது. எண்டாலும் அத்திவாரம் ஆடேல்லை. ஏன்? அத்திவாரம் போட்டவை கெட்டிக்காரர். மக்கள் மாறுவினமெண்டு அவைக்கு முன்னமே தெரியும். அதாலதான் 'மக்களாகிய நாங்கள்' எண்டு எழுதிப்போட்டு, மக்கள் எண்டால் ஆர் எண்டதை எழுதாமல் விட்டவை!"

பலத்த கைதட்டல். தேவராஜா எழுந்தார்.

"இவையைச் சேர்த்தால் முன்னூறு தாண்டும். நல்லது. ஆனா வாக்குக் குடுத்தால் அடுத்த தலைவர் படகில வந்தவராத்தான் இருப்பார். நான் ஒருத்தரையும் குறைச்சுச் சொல்லேல்லை. நானும் இந்த நாட்டுக்கு வந்தவன்தான். ஆனா நான் வரேக்க பிளேனில சாப்பாடு தந்தவை."

"அமைதி, அமைதி," என்றார் விக்னராஜா, யாரும் சத்தம் போடாதபோதும். "ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழாம் ஆண்டு பிலடெல்பியாவில இதே பிரச்சினை வந்தது. எண்ணிக்கைக்கு ஆள் வேணும். வாக்குக்கு வேண்டாம். என்ன செய்தவை? ஐஞ்சு பேரை மூண்டு பேரா எண்ணினவை. ரெண்டு பக்கமும் சந்தோசம்."

யோகா கையை உயர்த்தினாள். அவள் முன்பு சரித்திரம் படிப்பித்த ஆசிரியை.

"அது அடிமையளுக்குப் போட்ட கணக்கெல்லோ, விக்னராஜா அண்ணை?"



"நாங்கள் அடிமைத்தனத்தை எடுக்கேல்லை, யோகா," என்றார் விக்னராஜா பொறுமையாக. "அந்தப் பின்னத்தை மட்டும்தான் எடுக்கிறம்."

வாக்கெடுப்பில் தேவராஜா ஆதரவு, யோகா எதிர்ப்பு. ரொறன்ரோ நீதியரசரின் வாய் திறந்திருந்தது. திருத்தம் நிறைவேறியது. விக்னராஜா மேடையிலிருந்து இறங்கி வந்து எமிலியானுஸைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன.

"பூச்சியத்தில இருந்தனீங்கள். இண்டைக்கு ஐஞ்சில மூண்டு. இது வரலாறு, தம்பி."

"நன்றி ஐயா," என்றார் எமிலியானுஸ்.

பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது, ஏன் நன்றி சொன்னோம் என்று யோசித்துக்கொண்டு போனார். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்த கிழமை அட்டைகள் வந்தன. ஐந்து பேர் கொண்ட எமிலியானுஸ் குடும்பம் சட்டத்துக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. மூன்று அட்டைகள். பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள், யார் யார் என்பதைக் குடும்பமே தீர்மானிக்கலாம் என்று. எமிலியானுஸோடு தொழிற்சாலையில் வேலைசெய்த சுஜீதன் தனிக்கட்டை. அவனுக்கு ஒரு அட்டையை ஐந்தில் மூன்று பங்காக வெட்டி அனுப்பியிருந்தார்கள்.

"தலையைத் தந்திருக்கினமோ காலைத் தந்திருக்கினமோ தெரியேல்லை, அண்ணை," என்று சொல்லிச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இருக்கட்டும்," என்றான். "எங்கட நேரமும் வரும்."

சங்கத்தின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு ஐந்து பேரும் உடுத்திக்கொண்டு போனார்கள். வாசலில் நின்றவர் அட்டைகளை எண்ணினார், ஆட்களை எண்ணினார், கையை விரித்தார்.

"இற்ஸ் ஓகே, அப்பா," என்றாள் மெலனி. "ஐ டோன்ற் ஈவன் லைக் இற்." அவள் ஒரு மாதமாக அந்த நாளுக்காகச் சட்டை பார்த்துக்கொண்டிருந்தவள். நிரஞ்சலாவும் அவளும் வாசற்படியில் இருந்தார்கள். கரோல் பாட்டு வெளியே நன்றாகவே கேட்டது.

அதன்பிறகு மெலனி ஒரு விழாவுக்கும் வரவில்லை. மீதி நான்கு பேரும் மூன்று அட்டைகளுக்கு முறை வைத்துக்கொண்டார்கள். தைப்பொங்கல் காலையில் சின்னவன் பல் தீட்டிக்கொண்டே குசினிக்குள் வந்தான்.

"அம்மா, இண்டைக்கு நான் ஆளோ, அண்ணா ஆளோ?"

நிரஞ்சலா தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, கழுவிவைத்த கோப்பைகளை மறுபடியும் கழுவினாள். அன்றைக்கு யாரும் போகவில்லை.

"அந்தப் பக்கமே இனிப் போகவேண்டாம்," என்றாள் இரவுச் சாப்பாட்டின்போது.

"அறை தாறெண்டவை, நிரஞ்சி."

"அறை, அறை. அறை கிடைக்கிறதுக்குள்ள எங்களைக் கால்வாசியாக்கிப் போடுவினம்."

மாசி மாதம் நகரசபை அதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. விக்னராஜா பிரதேசத்தாரை அழைத்து ஒத்திகை வைத்தார். "சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ. அங்கத்தவரோ எண்டு கேட்டால் ஓம் எண்டுங்கோ. அவ்வளவுதான். அண்டைக்கு முழுக்குடும்பமும் வரவேணும்."

எமிலியானுஸுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. கேள்வியும் எண்ணும் சேர்ந்து வந்தால் அவருக்குப் பயம். அதற்குக் காரணம் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்தபோது நடந்த முதல் விசாரணையில், ஊரில் தன்னைத் தேடி மூன்று பேர் வீட்டுக்கு வந்ததாகச் சொன்னார். இரண்டாம் விசாரணையில் நான்கு பேர் என்றார். நான்காவது ஆள் வாசலில் நின்ற வெள்ளை வானுக்குள் இருந்தவன். வீட்டுக்குள் வந்தது மூன்று பேர்தான். இரண்டும் உண்மை. 'விண்ணப்பதாரர் நம்பகமற்றவர்' என்று தீர்ப்பு வந்தது. வானைவிட்டு இறங்காத அந்த ஒருவனால் அவருடைய வழக்கு இத்தனை வருடம் இழுபட்டது.

"யார் கேட்டாலும், எங்க கேட்டாலும், உள்ளதை உள்ளபடி சொல்லுங்க அண்ணா," என்று ஸ்ருதி பல தடவை சொல்லியிருந்தாள். "கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். இன்னொரு முறை நம்பர் மாறுச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது."

அதிகாரி ஓர் இளம்பெண். வியட்நாமிலிருந்து வந்த பெற்றோருக்குச் சிட்னியில் பிறந்தவள். மண்டபத்தில் நிறைந்திருந்த கூட்டத்தைப் பார்த்து உண்மையாகவே மகிழ்ந்தாள். குடும்பம் குடும்பமாக நின்று பேசிக்கொண்டு வந்தாள். எமிலியானுஸிடம் வந்தபோது ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். நிரஞ்சலா மனமில்லாமல்தான் வந்திருந்தாள்.

"உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் அங்கத்தவர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மூன்று," என்றார் எமிலியானுஸ், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அவள் ஐந்து தலைகளையும் பார்த்தாள். "மற்ற இருவரும் உங்கள் குடும்பம் இல்லையா?"

"குடும்பம்தான். நாங்கள் ஐந்து பேர். அங்கத்தவர் மூன்று."

"எந்த மூன்று பேர்?"

"மாறி மாறி."

பக்கத்தில் நின்ற சுஜீதன் கண்ணால் சைகை காட்டினான். எமிலியானுஸ் பார்க்கவில்லை. அவருக்கு அந்த மண்டபம் மறைந்து, மேசை, ஒலிப்பதிவுக் கருவி, தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் எல்லாம் திரும்பி வந்திருந்தன.

"இங்கே தேர்தலில் எத்தனை பேர் வாக்களிக்கிறீர்கள்?"

"ஒருவரும் இல்லை."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். அப்போதும் சமாளித்திருக்கலாம். ஆனால் விக்னராஜா முன்னால் வந்தார். அரசாங்கத்தைச் சேர்ந்த ஒருவர் தன்னுடைய அரசியலமைப்பைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று முப்பது வருடங்களாகக் காத்திருந்தவர் அவர். பிலடெல்பியாவில் தொடங்கினார். இரண்டு சபைகள், பிரதேசம், பின்னம் எல்லாவற்றையும் விளக்கினார். கூட்டம் கூட்டமாக வருபவர்களிடமிருந்து மக்களாட்சியைக் காப்பாற்ற மேதைகள் கண்டுபிடித்த வழி என்று முடித்துவிட்டு, அவளுடைய பாராட்டுக்காகப் புன்னகையோடு நின்றார்.

அவளுடைய முகம் வெளிறியிருந்தது. "சேர், எங்களுடைய விதிகளில் ஒரு ஆள் என்றால் ஒரு ஆள்தான்," என்றாள். "வாக்கில்லாதவரை அங்கத்தவராக எண்ண முடியாது."

நிலையம் வேறொரு சங்கத்துக்குப் போனது.

சங்கம் எமிலியானுஸ்மீது குற்றப் பிரேரணை கொண்டுவந்தது. தொடக்கத்திலேயே ஒரு சட்டச்சிக்கல் வந்தது. அங்கத்தவரைத்தான் விலக்க முடியும். ஐந்தில் மூன்று பங்கை விலக்கலாமா? விலக்கினால் மீதி இரண்டு பங்கு எங்கே போகும்? நீதிக்குழு ஆராய்ந்து, அவரை முதலில் முழு அங்கத்தவராக்கிவிட்டுப் பிறகு விலக்குவதே முறை என்று தீர்ப்பளித்தது. அவ்வாறே எமிலியானுஸ் எழுந்து நின்று, கையை நெஞ்சில் வைத்து, மக்களாகிய நாங்கள் என்று சொல்லி அங்கத்தவரானார். கைதட்டல் கேட்டது. அடுத்த நிமிடம் அவரை விலக்கும் பிரேரணையை வாசித்தார்கள்.

"சொல்ல ஏதும் இருக்கோ?" என்று விக்னராஜா கேட்டார்.

"நான் பொய் சொல்லேல்லை ஐயா."

"அதுதான் குற்றச்சாட்டு," என்றார் தேவராஜா.

விலக்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கைகள் உயர்ந்தன. யோகாவும் அவளைப் பார்த்து வேறு சிலரும் உயர்த்தவில்லை. எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். விக்னராஜா தாளைப் பார்த்தார்; மிகச் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. பிறகு, அது தன் கையால் எழுதிய சட்டம் என்பதால், சொல்லியே விட்டார்.

"எமிலியானுஸ் இன்னும் வாக்குப் போடேல்லை."

"என்னை விலத்துறதுக்கு நானும் போடலாமோ?"

"நீர் அங்கத்தவர். போடத்தான் வேணும்."

அது இந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த முதல் வாக்கு. பெருமையாக இருக்கும் என்று முன்பொருநாள் நினைத்திருந்தார்.  எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது கையை உயர்த்தினார். பிரேரணை ஒரு வாக்கால் தோற்றது.

"அப்ப நாங்கள் பிரிஞ்சு போறம்," என்றார் தேவராஜா.

"அமெரிக்காவில அப்பிடிப் பிரிஞ்சவை தோத்தவை," என்றார் விக்னராஜா சோர்வாக.

"அது அமெரிக்கா. நாங்கள் காஸில் ஹில்லுக்குப் போவம்."

அந்த வார இறுதியில் சுருள்முடிப் படங்களும் மணியும் ஒரு வானில் ஏறிப் போயின. யோகா கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். "கார் அவரிட்டயெல்லோ கிடக்கு," என்று எமிலியானுஸிடம் சொல்லிவிட்டு அவளும் போனாள். விக்னராஜா மண்டபக் கதவின் திறப்பை எமிலியானுஸின் கையில் கொடுத்தார். வருடம் முடியும்வரை மண்டபத்துக்கு ஒப்பந்தம் இருந்தது. கூட்டமில்லாத மண்டபத்தில் விக்னராஜா வயதானவராகத் தெரிந்தார்.

"உம்மட வாக்கை எண்ணாமல் விட்டிருக்கலாம், தம்பி. மற்றவை விடச் சொன்னவை. நான்தான் எண்ணினனான்," என்றார். மன்னிப்புக் கேட்கிறாரா, குறை சொல்கிறாரா என்று எமிலியானுஸுக்கு விளங்கவில்லை. சொன்னவருக்கே விளங்கியிருக்குமா என்பதும் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஸ்ருதி பின்னறைக்குத் திரும்பி வந்தாள். செய்தி கேள்விப்பட்டுப் பிரதேசத்துக் குடும்பங்கள் மண்டபம் நிறைய வந்தன. ஸ்ருதியைப் பார்க்க ஒரு வரிசை நின்றது. இந்தப் பக்கம் சுஜீதன் கதிரைகளை ஒழுங்குபடுத்தி, நடுவில் ஒரு மேசை போட்டு, எமிலியானுஸைத் தலைவராக முன்மொழிந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நிரஞ்சலாவும் தட்டினாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து எமிலியானுஸ் பார்த்ததில்லை.

"முதல் விசயம், ஆர் அங்கத்தவர் எண்டது," என்றான் சுஜீதன். "படகில வந்து, இன்னும் நிரந்தர விசாக் கிடைக்காத ஆக்கள். அவ்வளவுதான். மற்றவை பார்வையாளர்."

"ஏன் மற்றவை?" என்று கேட்டார் எமிலியானுஸ்.

சுஜீதன் வரிசைப் பக்கம் நாடியால் காட்டினான். வரிசையின் கடைசியில் துஷாந்த் என்ற வவுனியா இளைஞன் முதுகுப்பையோடு நின்றான். போன வருடம் மாணவர் விசாவில் வந்தவன். படித்த கல்லூரியை மூடிவிட்டார்கள். விசா முடிய இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்ததும் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான்.

"அந்தமாதிரி ஆயிரக்கணக்கில வந்திருக்கினம், அண்ணை. இண்டைக்குச் சேர்த்தால் நாளைக்கு அவைதான் எங்களைவிடக் கூட. எங்கட அறை, எங்கட லோயர். நாங்கள் கடலில செத்துப் பிழைச்சு வந்தனாங்கள். அவையள் பிளேனில வந்தவை." அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "ஆதரிக்கிறவை கையை உயர்த்துங்கோ."

கைகள் உயர்ந்தன. ஒளிவிழா வாசலில் திரும்பிப் போனவர்களின் கைகள். நிரஞ்சலாவின் கையும் உயர்ந்திருந்தது. அவள் கணவனைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் சின்னவன் நித்திரையாகிக் கிடந்தான்.

"எதிர்க்கிறவை?"

எமிலியானுஸ் கையை உயர்த்தினார்.

"தலைவருக்கு வாக்கில்லை, அண்ணை," என்றான் சுஜீதன். ஏளனமாகச் சொல்லவில்லை, நல்ல மரியாதையோடுதான் சொன்னான்.

"அப்ப எனக்கு வேறை ஆரையும் போடுங்கோ."

"கூட்டத்துக்கு நடுவில ஏலாது. தலைவர் எழும்பினால் கூட்டம் கலைஞ்சிடும். முடிவு பதிய ஏலாது. கொஞ்சம் இருங்கோ."

எமிலியானுஸ் எழுந்தார்.

யாரோ "அண்ணை" என்று கூப்பிட்டார்கள். அவர் கதிரைகளுக்கு நடுவே நடந்து போய், துஷாந்துக்குப் பின்னால் வரிசையில் நின்றார். ஸ்ருதியின் பட்டியலில் அவருடைய பெயர் உண்மையில் முதலாவதாக இருந்தது. ஸ்ருதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "எமில் அண்ணா, நீங்க வாங்க," என்றாள். அவர் மறுத்துத் தலையசைத்து, இவர்கள் முடியட்டும் என்று கையால் காட்டினார். பின்னால் தீர்மானம் நிறைவேறியதென்று ஒருவரும், நிறைவேறவில்லையென்று இன்னொருவரும் சத்தம் போட்டார்கள். அடுத்த கிழமை அது மறுபடியும் வரும் என்று அவருக்குத் தெரிந்தது.

சற்று நேரத்தில் நிரஞ்சலா சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கோபத்தில் மூச்சு வாங்கியது.

"நாளைக்கு இவையள் கூடி எங்களை வெளியில போட்டால்?"

முன்னால் நின்ற துஷாந்த் அதைக் கேட்டான். திரும்பவில்லை. எமிலியானுஸ் அவனுடைய பிடரியைப் பார்த்தார். நல்ல பிள்ளையா கெட்ட பிள்ளையா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார்.

"போட்டாலும் போடுவினம்."

வரிசை ஓர் ஆள் அளவு முன்னால் நகர்ந்தது. அவர்களும் நகர்ந்தார்கள்.